மானிக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

கிரேக்கத்தின் தெற்கே பெலொப்பொனீஸ் நிலப்பகுதி கடலுக்குள் மூன்று முனைகளாக நீள்கிறது. நடுவில் இருப்பது மானி. டைகெட்டஸ் மலைத்தொடர் இறங்கி வந்து கடலில் முடிகிற இடம் இது.

மானிக்கு வடக்கே உள்ள கலமாட்டா நகரில் அறை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் மானியின் தென்முனைவரை போய்த் திரும்பிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். கலமாட்டாவிலிருந்து மானியின் முக்கிய ஊரான அரியோபொலி சுமார் 80 கி.மீ.தான். ஆனால் முழுக்க மலை வளைவுகள் என்பதால் ஒன்றே முக்கால் மணி நேரமாவது ஆகும். அங்கிருந்து தென்கோடியில் உள்ள தைனரோன் முனைக்கு இன்னும் ஒரு மணி நேரம். காலையில் கிளம்பினாலும் உச்சிவெயிலில்தான் போய் நிற்பீர்கள். அரியோபொலியிலோ கடலோர ஊரான கெரோலிமெனாஸிலோ இரண்டு இரவாவது தங்குங்கள். பெட்ரோலையும் ரொக்கப் பணத்தையும் அரியோபொலியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தெற்கே போகப் போக இரண்டும் அரிது. இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட வேண்டும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து, கல் கோபுர வீடுகள். வாத்தியா என்ற ஊரில் குன்றின் மேல் நெருக்கியடித்து நிற்கும் கோபுரங்களைப் பார்த்ததும், கடற்கொள்ளையரைத் தடுக்கக் கட்டியவை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஒரே ஊரின் குலங்கள் ஒன்றோடொன்று பகைத்து நின்ற காலம் அது. பக்கத்து வீட்டைவிட உயர எழுப்பினால் மேலிருந்து சுடலாம்; அதனால்தான் மேல்தளங்களில் சன்னலுக்குப் பதில் சின்னச் சின்ன துளைகள். அறுவடைக் காலத்தில் சண்டையை நிறுத்தி வைக்கும் வழக்கமும் இருந்தது. இதே குலங்கள்தான் 1821 மார்ச் 17 அன்று பெத்ரோபே மாவ்ரோமிகாலிஸ் தலைமையில் அரியோபொலியில் ஒன்றுகூடி, கிரேக்கத்தை ஆண்ட ஒட்டோமான் துருக்கியருக்கு எதிராகக் கொடி உயர்த்தின. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், எந்தக் கோபுரம் எதை முறைத்துக்கொண்டு நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். படம் எடுக்கிற ஆசையில் இடிந்த கோபுரங்களுக்குள் ஏறாதீர்கள். உள்ளே மரத்தளங்கள் உளுத்துப்போயிருக்கும். பல இன்றும் தனியார் சொத்து.

சாலையோரத்துச் சின்னத் தேவாலயங்களைக் காரில் கடந்துவிடுவதுதான் பெரிய இழப்பு. அனோ பூலாரி என்ற ஊரில் உள்ள பாந்தெலெய்மோன் தேவாலயத்தின் சுவரோவியங்கள் 991-92-ஐச் சேர்ந்தவை. பல தேவாலயங்கள் பூட்டியே கிடக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊரில் விசாரியுங்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை ஊரே உறங்கும், அப்போது கதவைத் தட்டாதீர்கள். உள்ளே ஃபிளாஷ் போடக் கூடாது.

திரோஸ் குகைக்கு மாலையில் போகலாம் என்று தள்ளிப்போட்டால் டிக்கெட் முடிந்திருக்கும். சுமார் 1,200 மீட்டர் படகுப் பயணம், பிறகு 300 மீட்டர் நடை. நீர்மட்டம் உயர்ந்தால் தாழ்ந்த கூரைக்கடியில் படகு போகாது, நிறுத்திவிடுவார்கள். காலையில் முதலில் இங்கே வந்துவிடுங்கள். பக்கத்திலுள்ள புதிய கற்கால (நியோலிதிக்) அருங்காட்சியகத்தையும் விட்டுவிட வேண்டாம்.

குளிக்க மணல் கடற்கரையை எதிர்பார்க்காதீர்கள். தெற்கு மானி பெரும்பாலும் கூழாங்கல், பாறை. ரப்பர் செருப்பு இல்லாவிட்டால் கால் கிழியும். மீனைக் கிலோ கணக்கில் விற்கும் உணவகங்களில் எடை போட்டு, விலை கேட்ட பிறகே சமைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தைனரோன். இது கிரேக்கப் பெருநிலத்தின் தென்முனை. ஐரோப்பாவின் தென்முனை என்று சிலர் சொல்வது தவறு, ஸ்பெயினின் தரீஃபா இன்னும் தெற்கே இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகிலுள்ள பழைய தேவாலயம் கிரேக்கக் கடல் கடவுளான பொசைடனின் கோயில் கற்களால் கட்டப்பட்டது. பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். கலங்கரை விளக்கம் இன்னும் சுமார் 2 கி.மீ., நாற்பது நிமிட நடை; வழியில் தரையோடு தரையாக ரோமானியர் காலத்து மொசைக் ஒன்று திறந்தவெளியில் கிடக்கிறது. நிழலோ தண்ணீரோ கிடையாது. கோடையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள்.