அறுவை சிகிச்சைக்குப் பின் வலியை எப்படிச் சொல்வது?

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவரிடம் செவிலியர், "வலி பத்துக்கு எத்தனை இருக்குங்க?" என்று கேட்கும்போது, பலரும் "பரவாயில்லைங்க, தாங்கிக்கலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். வலியை அளந்து காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல்லை வைத்துத்தான் மருந்தின் அளவு முடிவாகிறது. அதனால் "தாங்கிக்கலாம்" என்ற விடையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிகக் கடுமையான வலி. இந்த எண்ணை இரண்டு முறை சொல்ல வேண்டும்: அசையாமல் படுத்திருக்கையில் ஒன்று, இருமும்போதோ புரண்டு படுக்கும்போதோ ஒன்று. வயிற்றில் அறுவை செய்துகொண்டவர் சும்மா படுத்திருக்கையில் 2 என்பார். அவரே தையல்மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒருமுறை இருமிவிட்டு, முகம் சுளித்தபடி 7 என்பார். மருத்துவருக்குத் தெரிய வேண்டியது அந்த 7தான். வலிக்குப் பயந்து இருமாமலும் மூச்சை ஆழ இழுக்காமலும் கிடப்பவருக்குச் சளி தேங்கி நுரையீரலில் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. வலி மருந்து பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதும், அசைவின்போது உள்ள வலியைத் தனியே பதிவுசெய்த ஆய்வுக்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

எண்ணைச் சொன்ன பிறகு, அது எப்படிப்பட்ட வலி என்பதையும் சொல்லுங்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வினாப்பட்டியல், வலியை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, தமக்குப் பொருந்துவதை நோயாளியே தேர்ந்தெடுக்கும்படி அமைந்தது. தமிழில் இதற்குச் சொற்பஞ்சமே இல்லை. விண்விண் என்று தெறிக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது என்று வீட்டில் சொல்வதை அப்படியே மருத்துவரிடமும் சொல்லலாம். தழும்பைச் சுற்றி எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, மதமதப்பு ஆகியவை இருந்தால் மறக்காமல் குறிப்பிடுங்கள். அவை நரம்பு சார்ந்த வலியாக இருக்கக்கூடும், அதற்கு வழக்கமான வலி மாத்திரைகள் போதாமல் வேறு வகை மருந்து தேவைப்படலாம்.

வலி வேறு இடத்தில் வந்தாலும் மறைக்காதீர்கள். வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை செய்துகொண்டவருக்குத் தோள்பட்டை வலிப்பது உண்டு. வயிற்றுக்குள் செலுத்திய கரியமில வாயு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கிவிடும். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தவருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலை வலித்து, படுத்தால் குறைகிறது என்றால், அந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் வலி அடங்கியிருந்தது என்பதை உடனிருப்பவர் ஒரு தாளில் குறித்து வைத்தால், அடுத்த வேளை மருந்தைத் தீர்மானிக்க அது பெரிதும் உதவும். வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திராமல், ஏறத் தொடங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

மாவுக்கட்டுக்குள் இருக்கும் வலி, மருந்துக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, எண்ணை யோசித்துக்கொண்டிராமல் நள்ளிரவானாலும் செவிலியரை உடனே கூப்பிடுங்கள்.