நடிக்க ஏஜென்ட் தேடும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

பையைத் தூக்கிக்கொண்டு வடபழனியில் போய் இறங்குவது கடைசி வேலை, முதல் வேலை இல்லை. அரூரோ பாலக்கோடோ ஊத்தங்கரையோ, எந்த ஊரில் இருந்தாலும் ஏஜென்டுக்குக் காட்ட வேண்டியதில் முக்கால்வாசியை வீட்டிலிருந்தே தயார் செய்துவிடலாம், பெரிய செலவும் இல்லை.

அதற்கு முன்னால், யாரைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏஜென்ட் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் சென்னையில் அந்தப் பெயரில் நாலு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். காஸ்டிங் டைரக்டர் படத்துக்கு நடிகர்களைத் தேடி எடுப்பவர், அவருக்குச் சம்பளம் படக் கம்பெனி கொடுக்கிறது, உங்களுக்கு வாய்ப்பு தேடித் தருவது அவர் பொறுப்பே இல்லை. கோ-ஆர்டினேட்டர் விளம்பரம், சீரியல், சின்ன வேஷங்களுக்கு ஆள் அனுப்பி வேலைக்கு வேலை கமிஷன் வாங்குபவர். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜென்ட் கூட்டக் காட்சிகளுக்கு ஆள் ஏற்றுபவர். அதில் போனால் ஷூட்டிங் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம், சாப்பாடும் பேட்டாவும் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து வசனம் பேசும் வேஷத்துக்கு நகர்வது கஷ்டம். மேனேஜர் ஒருவர்தான் முழுக்க உங்களுக்காக வேலை செய்பவர், கால்ஷீட் (எந்த நாள் எந்தப் படத்துக்கு என்ற கணக்கு) பார்ப்பது, சம்பளம் பேசுவது எல்லாம் அவர்தான், ஆனால் அவருடைய வருமானமே உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு என்பதால் இன்னும் சம்பாதிக்க ஆரம்பிக்காதவரை எடுக்க யோசிப்பார். அதனால் புதியவர்கள் முதலில் போக வேண்டியது காஸ்டிங் டைரக்டரிடமும் கோ-ஆர்டினேட்டரிடமும்தான். காஸ்டிங் டைரக்டரே இல்லாமல் உதவி இயக்குநர்கள் ஆள் எடுக்கும் படங்களும் நிறைய உண்டு, அவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

சரி, என்ன காட்டுவது? போட்டோ: பகல் வெளிச்சம், வெறும் சுவர், நேர் முகம், இரண்டு பக்கவாட்டு முகம், முழு உருவம். அவ்வளவுதான். ஸ்டுடியோவில் எடுத்தால் முகத்தைத் தொடாதே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்துக்குச் செய்கிற மாதிரி வெளுத்துக் கொடுத்துவிடுவார்கள், நேரில் போய் நிற்கும்போது வேறு ஆளாகத் தெரிவீர்கள். தாடி இருந்தால் தாடியோடு ஒன்று, எடுத்துவிட்டு ஒன்று.

அப்புறம் இன்ட்ரோ வீடியோ. போனைப் படுக்கை வாட்டில் வைத்து, பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள் சொல்லி, இரண்டு பக்கமும் திரும்பி ஒரு நிமிடத்தில் முடியுங்கள். அதோடு நடித்த காட்சி இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள். இங்கேதான் நம் ஆட்கள் பெரிய ஹீரோவின் வசனத்தை எடுத்துப் பேசுகிறார்கள். பார்ப்பவர் உங்களைப் பார்க்காமல் அந்த ஹீரோவோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் லோடை நிறுத்திவிட்டு விலைக்கு மல்லுக்கட்டும் ஒரு விவசாயியை நீங்கள் நம்ம ஊர்ப் பேச்சிலேயே செய்தால், அதை ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் கிடையாது. தெருக்கூத்தில் வேஷம் கட்டியவராக இருந்தால் அதை மறைக்கவே மறைக்காதீர்கள். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவே தெருக்கூத்தைப் பார்த்து உருவானதுதான், பசுபதி, குரு சோமசுந்தரம், விமல் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். ஆனால் விடிய விடியத் திறந்தவெளியில் பாடிப் பழகிய குரலும் கையும் கேமராவுக்கு அதிகம், ஆகவே கூத்துத் துண்டு ஒன்று, அடக்கி நடித்த துண்டு ஒன்று என்று இரண்டையும் அனுப்புங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கூடுதல் வசதி. கன்னடமோ தெலுங்கோ வீட்டிலேயே பேசுவீர்கள், பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது, அங்கே விளம்பரப் படங்களுக்கு ஆள் எடுக்கும் கோ-ஆர்டினேட்டர்கள் இருக்கிறார்கள். சென்னையையே பார்த்துக்கொண்டு இதை விட்டுவிடுவது எனக்குப் புரியாத விஷயம்.

குறும்படம் நடித்திருந்தால் நல்லது, இல்லையென்றால் சேலம், பெங்களூரு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கும் எப்போதும் ஆள் தேவை. விஜய் சேதுபதியும் பாபி சிம்ஹாவும் கார்த்திக் சுப்புராஜின் குறும்படங்களில் நடித்துவிட்டுத்தான் பெரிய திரையில் நிலைத்தார்கள்.

ஆளைக் கண்டுபிடிக்க, உங்களைப் போன்ற முகங்கள் நிறைய வரும் படங்களின் டைட்டிலை நிறுத்திப் பாருங்கள், காஸ்டிங் என்று போட்டிருக்கும் பெயரைக் குறித்துக்கொண்டு இன்ஸ்டாகிராமில் தேடுங்கள். பெரிய கம்பெனி பெயரைச் சொல்லி யாராவது உங்களைத் தேடி வந்தால், அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் போட வேண்டும். அனுப்பும் செய்தி இந்த அளவு போதும்:

"வணக்கம் சார். பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். வயது 26, உயரம் 5 அடி 8 அங்குலம். தமிழ், கன்னடம் சரளம். ஐந்து வருடம் தெருக்கூத்து, இரண்டு குறும்படம். கிராமத்து வேஷங்களுக்கு ஆள் தேவைப்பட்டால் பாருங்கள். போட்டோ, வீடியோ லிங்க் கீழே. ஆடிஷனுக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னால் வந்துவிடுவேன்."

மேலே பெயர், கீழே போன் நம்பர். 'ஒரு சான்ஸ் கொடுங்க அண்ணா, உயிரைக் கொடுத்து நடிப்பேன்' எல்லாம் வேண்டாம். முதல் செய்தியிலேயே அண்ணா என்று கூப்பிடுவதும் வேண்டாம், சார் அல்லது மேடம் போதும். இருபது எம்.பி. வீடியோவை வாட்ஸ்அப்பில் தள்ளாமல் கூகுள் டிரைவில் போட்டு, லிங்க் யார் தொட்டாலும் திறக்கிறதா என்று வேறொரு போனில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பணத்தில் ஒரே விதி: உங்களுக்குச் சம்பளம் வந்த பிறகுதான் ஏஜென்டுக்குப் பணம். பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், யூனியன் கார்டு வாங்கித் தருகிறேன், ஹீரோவின் தம்பி வேஷம் ரெடி ஆனால் காஸ்ட்யூமுக்கு ஐம்பதாயிரம் போடு, எல்லாமே ஒரே ஏமாற்றுதான், லாட்ஜ் ஹாலில் பேனர் கட்டி ஆடிஷன் நடத்தி ஆளுக்கு ஐந்நூறு வசூலிப்பது உட்பட. ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டமாகிவிடும். பெண்கள், சந்திப்பு பகலில், அலுவலகத்தில், கூட ஒருவரோடு என்றால் மட்டும் போங்கள். வாய்ப்புக்குப் பதிலாகப் படுக்கைக்குக் கூப்பிடுவதைக் குறிக்கும் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்ற வார்த்தை வந்த நொடியே பேச்சை நிறுத்தி, செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் என்று வந்தால் கமிஷன் வழக்கமாக 10% முதல் 20% வரை கேட்பார்கள், அது பேசித் தீர்க்கிற விஷயம். அதைவிட முக்கியம், நீங்களே தேடிப் பிடித்த வேலைக்கும் கமிஷன் உண்டா, எத்தனை வருடம் கட்டுப்பாடு, விலக எத்தனை நாள் நோட்டீஸ், சம்பளம் யார் கணக்குக்கு வரும் என்ற நாலும்தான். ஆங்கிலத்தில் இருந்தால் கோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பான் கார்டு முதலிலேயே எடுத்துவிடுங்கள், சம்பளத்தில் முன்கூட்டியே பிடிக்கிற வரியான டி.டி.எஸ். 10% பிடிக்கிற இடத்தில் அது இல்லாவிட்டால் 20% போய்விடும். குழந்தையை நடிக்க வைப்பவர்களுக்கு: ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20% குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும், இது சட்ட விதி.

பதில் வராவிட்டால் மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு முறை நினைவுபடுத்துங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் புதிதாக ஏதாவது நடித்த பிறகு அதை அனுப்புகிற சாக்கில் மறுபடி எழுதுங்கள். தினமும் குட் மார்னிங் போட்டால் பிளாக் பண்ணிவிடுவார்கள். நாளை ஆடிஷன் என்று கூப்பிட்டால் தர்மபுரிக்காரர்கள் மொரப்பூர் போய் ராத்திரி ரயிலைப் பிடியுங்கள், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பஸ்தான் சுலபம். சட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டம் கோடு எதுவும் இல்லாத வெறும் நிறம்.