60 வயதைக் கடந்த பின் கடல்நீரேரியில் வள்ளம் வலித்தல்

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் மண்டைதீவு, ஊர்காவற்றுறைப் பக்கமாகச் சிறு வள்ளத்தில் நெடுநேரம் துடுப்பு வலித்துச் செல்ல விரும்பும் மூத்தவர்கள், புறப்படுவதற்கு 6 வாரங்களுக்கு முன்பே உடலைப் பழக்கத் தொடங்க வேண்டும். கதிரையிலிருந்து கையூன்றாமல் 10 தடவை எழுந்து அமர்வதும், சுவரருகே ஒற்றைக் காலில் நிற்பதும், ஆடும் வள்ளத்தில் ஏறி இறங்கத் தேவையான தொடை வலிமையையும் சமநிலையையும் தரும். வலிக்கும்போது கைகளை மட்டும் நம்பாமல் இடுப்புக்கு மேலுள்ள உடலையும் திருப்பி வலித்தால் தோள்மூட்டின் சுமை குறையும்.

நான் மிகவும் அஞ்சுவது வெயிலைத்தான். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குவதால், உடலில் நீர் குறைந்த பின்னும் பலருக்கு அது தெரிவதில்லை. குருதி அமுக்கத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, எழுந்து நிற்கையில் தலைசுற்றி விழும் ஆபத்தும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு நீர் அருந்துங்கள். மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றுவதானால் வைத்தியரிடம் கேட்டே மாற்றுங்கள்.

தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் காற்று பொழுது ஏற ஏற வலுப்பதால், விடியலில் புறப்பட்டு, போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்றோடும் வருமாறு வழியை அமையுங்கள். ஆழமற்ற நீர்தானே என்று உயிர்காப்பு அங்கியைக் கரையில் விட்டுச் செல்வது பெருந்தவறு. சேற்றில் கால் புதைந்தால் இடுப்பளவு நீரிலும் மீள்வது கடினம். தனியே போகாதீர்கள். திரும்பும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, கைத்தொலைபேசியை நீர் புகாத பையில் எடுத்துச் செல்லுங்கள். அவசர அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990.