கார் தானாகப் பாயும்போது செய்யும் தவறுகள்

ஓட்டுபவர் கேட்காமலே கார் வேகமெடுத்துவிட்டது என்ற புகார்களின் பின்னால் மூன்று காரணங்கள் இருக்கலாம். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கலாம். பெடலோ, கேபிளோ, என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டோ எதிலாவது சிக்கித் திறந்தபடியே நின்றிருக்கலாம். அல்லது மின்னணுக் கட்டுப்பாட்டில் கோளாறு இருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: என்ஜின் அலறும், கார் நிற்காது. 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போய்விடும். எது காரணம் என்று ஆராய நேரமில்லை. நல்லவேளையாக, ஆராயத் தேவையும் இல்லை. மூன்றுக்கும் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். அதைத்தான் பலர் தப்பாகச் செய்கிறார்கள்.

பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இது. பெட்ரோல் கார்களில், கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது பெரும்பாலும் என்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வேக்குவத்தால் (வெற்றிடத்தால்). த்ராட்டில் முழுதாகத் திறந்திருந்தால் அங்கே வேக்குவம் இருக்காது. பூஸ்டருக்குள் ஒருவழி வால்வு தேக்கி வைத்திருப்பதுதான் மிச்சம். அது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பெடலை விட்டு மீண்டும் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு பங்கு போய்விடும். பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். "பிரேக் பிடிக்கவே இல்லை" என்று பிற்பாடு சொல்லப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

ஒரே மிதி, முழு பலத்தோடு, கார் நிற்கும்வரை காலை எடுக்காமல். ஏபிஎஸ் இயங்கி பெடல் அதிர்ந்தாலும் விடக்கூடாது. நல்ல நிலையில் உள்ள பிரேக், குடும்பக் கார்களின் என்ஜின் முழு வேகத்தில் இழுத்தாலும் அதை அடக்கும் திறன் கொண்டது. ஆனால் லேசாக அழுத்தியபடியே நெடுந்தூரம் ஓட்டினால் பேடும் டிஸ்க்கும் சூடேறி, பிடிமானம் குறைந்து, பிரேக் ஆயில் கொதிக்கும் நிலைக்கும் போகலாம். அதனால் வேகத்தை மட்டும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு "கொஞ்சம் தள்ளி ஓரங்கட்டலாம்" என்று யோசிக்க வேண்டாம்.

நியூட்ரலுக்குப் போகத் தயங்குவது

பிரேக்கை அழுத்தியபடியே கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் லீவரை டிரைவிலிருந்து நியூட்ரலுக்கு நேராகத் தள்ளினாலே போதும், பட்டனை அழுத்த வேண்டியதில்லை. மின்னணு லீவர் உள்ள கார்களில் நியூட்ரல் இடத்தில் ஒரு நொடியாவது பிடித்திருக்க வேண்டியிருக்கும். தட்டிவிட்டு எடுத்தால் சில கார்கள் ஏற்காது. மேனுவல் என்றால் கிளட்சை மிதித்தாலே சக்கரத்துக்குப் போகும் இழுவை நின்றுவிடும்.

நியூட்ரலில் போட்டதும் என்ஜின் காது கிழியக் கத்தும். அதைக் கேட்டுப் பயந்து மறுபடி டிரைவுக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. கத்தட்டும். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு ஓர் எல்லைக்கு மேல் சுழல விடாது. அப்படியே என்ஜின் கெட்டாலும் அது பெரிய விஷயமில்லை. ஆனால் பார்க்கிலோ ரிவர்ஸிலோ போட முயலக்கூடாது.

அடுத்தது சாவி. ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை முழுதாகத் திருப்பி உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஒரு படி மட்டும், ஏசிசி (ACC) என்று சாவித் துளையருகே குறித்திருக்கும் நிலைக்குத் திருப்பினால் என்ஜின் அணைந்துவிடும், ஸ்டீயரிங் திரும்பும், கனமாக மட்டும் இருக்கும். பட்டன் ஸ்டார்ட் கார்களில் ஒருமுறை தட்டினால் பொதுவாக என்ஜின் அணையாது. பல மாடல்களில் ஏறக்குறைய 3 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது விட்டு விட்டு மூன்று முறை அழுத்த வேண்டும். உங்கள் காரில் எது என்பதைக் கையேட்டில் இன்றே பார்த்துவிடுங்கள். மின்னணுப் பார்க்கிங் பிரேக்கின் சுவிட்சை இழுத்துப் பிடித்தால் ஓடும் காரையும் நிறுத்தும் வசதி பல கார்களில் உண்டு. அது கடைசி வழியாக இருக்கட்டும்.

இந்தச் சின்ன விவரங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ அருகே நடந்த விபத்தே சாட்சி. டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்ஸஸ் இஎஸ் 350 காரில் வேறோர் எஸ்யூவி மாடலுக்கான ரப்பர் மேட் கிடந்தது. ஆக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. பிரேக்குகள் நெடுநேரம் அழுத்தப்பட்டுக் கருகியிருந்தன. அந்தக் காரின் ஸ்டார்ட் பட்டனை 3 நொடி அழுத்தினால்தான் என்ஜின் அணையும். காரில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, அனுபவமுள்ளவர். கார் மட்டும் அவருடையதல்ல.

"நான் பிரேக்கில்தான் கால் வைத்திருந்தேன்"

பெரும்பாலோர் இதை மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். கால் எங்கே இருக்கிறது என்பதை நாம் கண்ணால் பார்ப்பதில்லை. இடுப்பும் தொடையும் இருக்கும் கோணத்தை வைத்து மூளை ஊகிக்கிறது. உடம்பு பின்னால் திரும்பியிருந்தால் அந்த ஊகம் சில சென்டிமீட்டர் தவறும். கார் பாய்ந்ததும் "பிரேக் போதவில்லை" என்று அதே பெடலை இன்னும் பலமாக அழுத்துவோம். 1980களில் ஆடி 5000 மாடல் மேல் குவிந்த புகார்களை ஆராய்ந்து அமெரிக்க அரசு 1989இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலானவற்றுக்குப் பெடல் மாறியதே காரணம் என்று முடிவு செய்தது. 2024 ஜூலையில் சியோல் மாநகராட்சிக் கட்டடம் அருகே 9 பேர் இறந்த விபத்தில், கார் தானாகப் பாய்ந்தது என்றார் ஓட்டியவர். ஆனால் அவருடைய ஷூவின் அடியில் ஆக்சிலரேட்டர் பெடலின் அச்சுப் பதிந்திருந்தது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யாருக்கும் நேரும். பிரேக்கை மிதிக்க மிதிக்க வேகம் கூடுகிறதென்றால், காலை முழுவதுமாகத் தூக்குங்கள். பிரேக்கும் த்ராட்டிலும் ஒரே நொடியில் தனித்தனியாகப் பழுதாவது மிக அரிது. தூக்கியதும் வேகம் தணிந்தால் விடை கிடைத்துவிட்டது. தணியவில்லை என்றால் பெடல் சிக்கியிருக்கிறது, காலை இடது பக்கம் நகர்த்திப் பிரேக்கை அழுத்துங்கள். இதற்கு ஒரு நொடி ஆகும், அந்த ஒரு நொடி வீணல்ல.

இப்படிக் கால் மாறுவது அதிகமும் மெதுவாகப் போகும் இடங்களில்தான்: பார்க்கிங், வீட்டு வாசல், டிக்கெட் எடுக்கும் இடம். கியரை டிரைவிலேயே விட்டு ஜன்னல் வழியாக எட்டும்போது பிரேக்கிலிருந்து கால் நழுவுகிறது. எட்டுவதற்கு முன் பார்க்கில் போட்டுவிடுங்கள். பிரேக்கை முழுக்க அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும்படி சீட்டை முன்தள்ளுங்கள். குதிகாலைப் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் வலப்பக்கம் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தொடும் பழக்கம் நல்லது. தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவும் குதிகாலில் பிடிமானமில்லாத செருப்பும் வேண்டாம்.

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுழலும் வேகம், 1200 முதல் 1500 ஆர்பிஎம் வரை இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் டிரைவில் போட்டால் கார் வழக்கத்தைவிட விறுக்கென்று நகரும். ஏசி கம்ப்ரசர் இயங்கும்போதும் சிறு உந்தல் இருக்கும். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்பத் தானாக வேகத்தை மாற்றும் அடாப்டிவ் குரூஸை ஆன் செய்திருப்பதை மறந்தவருக்கு, முன்னால் போன வண்டி விலகியதும் தன் கார் வேகமெடுப்பது பகீரென்றிருக்கும். இவை எதுவும் கோளாறல்ல. ஆனால் அந்தத் திடுக்கிடலில்தான் கால் மாறுகிறது.

மேட், பாட்டில், பெடல் கவர்

பழைய மேட்டின் மேலேயே புதிய மேட்டைப் போடுவது, கொக்கியில் மாட்டாமல் விடுவது, ரப்பர் மேட்டைக் கழுவிவிட்டுத் தலைகீழாக விரிப்பது. மூன்றுமே ஆபத்து. ஓட்டுநர் பக்கம் ஒரே ஒரு மேட், அந்த மாடலுக்குரியது, கொக்கிகள் எல்லாம் மாட்டியபடி இருக்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தி விடுங்கள். மேட்டை வேண்டுமென்றே முன்னால் தள்ளிவைத்தும் ஒருமுறை சோதியுங்கள். பெடல் எங்கும் உரசாமல் சட்டென்று மேலே வர வேண்டும். தண்ணீர் பாட்டில் சீட்டுக்கு அடியில் கிடந்தால் பிரேக் போடும்போது உருண்டு வந்து பெடலுக்குக் கீழே மாட்டும். ஓட்டுநரின் காலடியில் எதையும் வைக்காதீர்கள்.

அழகுக்காக மாட்டும் உலோகப் பெடல் கவர்களைத் தவிர்ப்பதே மேல். 2024 ஏப்ரலில் டெஸ்லா தன் 3,878 சைபர்டிரக் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தொழிற்சாலையில் ஆக்சிலரேட்டர் பேடை எளிதாகப் பொருத்த சோப்பு தடவியதால் பிடிப்பு குறைந்து, பேட் நழுவி மேலேயுள்ள உறையில் சிக்கும் வாய்ப்பு இருந்தது. தொழிற்சாலையிலேயே இப்படி நடக்குமானால், இரண்டு திருகில் நிற்கும் கவரை எப்படி நம்புவது?

பழுது பார்ப்பதில் நடக்கும் பிழைகள்

இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து என்ஜினுக்குக் கேபிள் போவதில்லை. பெடலில் இரண்டு சென்சார்கள், த்ராட்டில் பாடியில் இரண்டு. பல வடிவமைப்புகளில் பெடலின் ஒரு சிக்னல் மற்றதைவிட இரு மடங்கு, உதாரணமாக ஒன்று 0.8 வோல்ட் என்றால் மற்றது 0.4. இந்த விகிதம் குலைந்ததும் ஈசியு த்ராட்டில் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஸ்பிரிங் தட்டைச் சில டிகிரி மட்டும் திறந்த நிலையில் நிறுத்தும். அதனால் மின்னணுப் பழுது பெரும்பாலும் பாய்ச்சலாக அல்ல, பெடலை மிதித்தும் கார் போகாமல் தவழ்வதாகத்தான் வெளிப்படும்.

விதிவிலக்கே இல்லை என்று சொல்ல முடியாது. லெக்ஸஸ் கார்களையும் தயாரிக்கும் டொயோட்டாவின் வண்டிகள் தானாக வேகமெடுப்பதாக எழுந்த புகார்கள் பற்றி நாசா பொறியாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, த்ராட்டில் பெரிதாகத் திறக்கும்படியான மின்னணுக் கோளாறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சில பெடல் சென்சார்களுக்குள் முடிபோல வளர்ந்த வெள்ளீய இழைகளைக் கண்டது. 2013இல் ஓக்லஹோமாவில் ஒரு ஜூரி, மென்பொருள் குறை பற்றிய வாதத்தைக் கேட்டு அந்நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆகவே புகார் சொல்பவரை "உங்கள் கால்தான்" என்று எடுத்த எடுப்பில் அனுப்பிவிடுவது சரியல்ல. ஈசியுவில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தக் குறியீடுகளில் பி2138 பொதுவாகப் பெடல் சென்சார்களின் முரண்பாட்டையும், பி2135 த்ராட்டில் சென்சார்களின் முரண்பாட்டையும் குறிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பெடல் பழுதுக்கு விலையுயர்ந்த த்ராட்டில் பாடியை மாற்றுகிறார்கள். எதையும் மாற்றுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பில் தண்ணீர் தேங்கிய கார்களிலும், என்ஜின் பகுதியை அதிக அழுத்தத் தண்ணீரால் கழுவிய கார்களிலும் கோளாறு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பிறகு ஸ்கேனரின் நேரடி அளவைப் பார்த்தபடி பெடலை மிக மெதுவாக அழுத்துங்கள். இரண்டு அளவுகளும் இடையில் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். "பிக்கப் கூடும்" என்று பெடலுக்கும் ஈசியுவுக்கும் இடையில் செருகும் த்ராட்டில் கன்ட்ரோலர் பெட்டி, பெடலின் சிக்னலையே மாற்றி அனுப்புகிறது. பிரச்சினை உள்ள காரில் முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான்.

அடுத்தது த்ராட்டில் பாடி சுத்தம். கார்பன் படிந்தால் தட்டு ஒட்டி, லேசாக மிதிக்கும்போது நகராமல், பிறகு சட்டென்று திறந்து கார் துள்ளும். சுத்தம் செய்வது சரிதான். ஆனால் இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளுவது விரலுக்கும் ஆபத்து, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரத்துக்கும் ஆபத்து. இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, த்ராட்டில் பாடிக்கான கிளீனரைத் துணியில் தெளித்து, தட்டின் இருபுறமும் அது உட்காரும் விளிம்பும் துடைக்க வேண்டும். நேரடியாக உள்ளே பீய்ச்சினால் சென்சார் பக்கம் இறங்கும். காட்டமான கார்புரேட்டர் கிளீனர் சில த்ராட்டில் பாடிகளின் உட்பூச்சை அரித்துவிடும்.

சுத்தம் செய்தபின் ஐடில் 1500க்கு மேல் நின்றால் பதற வேண்டாம். அழுக்கோடு இருந்தபோது எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஈசியு கற்றுவைத்த அளவில்தான் இன்னும் திறக்கிறது. அந்த மாடலுக்குரிய முறைப்படி ஐடில் ரீலேர்ன் செய்தால், அதாவது ஈசியுவை அந்த அளவை மறுபடி கற்க வைத்தால், சூடான என்ஜின் 650 முதல் 850க்கு இறங்கும். இதைச் செய்யாமல் தட்டின் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தொழிற்சாலையில் அமைத்து முத்திரையிட்டது. அதைத் தொட்டால் மூடிய நிலை என்று ஈசியு நம்பும் அளவே தப்பாகிவிடும். ரீலேர்னுக்குப் பிறகும் ஐடில் இறங்கவில்லை என்றால் பிசிவி குழாய் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்), மேனிஃபோல்ட் கேஸ்கெட், பூஸ்டர் குழாய் ஆகியவற்றில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். கேபிள் உள்ள பழைய கார்களில் நைந்த இழைகளும் பலமிழந்த ரிட்டர்ன் ஸ்பிரிங்கும்தான் முதல் சந்தேகம். நைந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு நாள் கடத்தாமல் மாற்றிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று பிரேக் லைட் சுவிட்ச். இரண்டு பெடலும் ஒன்றாக அழுத்தப்பட்டால் என்ஜின் சக்தியைக் குறைக்கும் ஏற்பாடும், குரூஸ் துண்டிப்பும் இதன் சிக்னலை நம்பியே இருக்கின்றன. பிரேக்கை மிதித்தும் பின்விளக்கு எரியாவிட்டால், பல்பை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பாதீர்கள்.

டீசல் என்றால் வேறு கதை

டர்போவின் சீல் தேய்ந்தோ, என்ஜின் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியதாலோ, டீசல் என்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து ஓடத் தொடங்கலாம். சாவியை அணைத்தாலும் நிற்காது, புகை கொட்டும். மேனுவல் கார் என்றால் நிறுத்திவைத்து, உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க அழுத்தி, கிளட்சை விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்தலாம். ஆட்டோமேட்டிக்கில் அது முடியாது. எல்லோரும் இறங்கி விலகி நிற்க வேண்டும். ஓடும் என்ஜினின் காற்றுக் குழாயைக் கையால் பொத்தவோ, பானட்டைத் திறந்து குனிந்து பார்க்கவோ கூடாது.

நின்றபின்

"இப்போது சரியாகிவிட்டதா பார்ப்போம்" என்று மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேட், பெடல் இருக்கும் நிலையை அசைக்காமல் படம் எடுங்கள். காரை இழுவை வண்டியில் அனுப்புங்கள். பழுதுக் குறியீடுகளையும், பழுது நேர்ந்த நொடியில் பதிவான அளவுகளையும் எழுதிக்கொள்ளும் முன் ஸ்கேனரில் அழிக்க விடாதீர்கள். மோதல் நடந்திருந்தால், பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மோதலுக்கு முந்தைய 5 நொடிகளின் வேகமும், ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டது, பிரேக் அழுத்தப்பட்டதா என்பதும் பதிவாகியிருக்கும். ஏர்பேக் விரியாத சம்பவங்களின் பதிவு, காரைத் தொடர்ந்து ஓட்டினால் மேலெழுதப்பட்டுப் போகலாம். அந்தப் பதிவை எடுக்கும்வரை காரைப் பழுதுபார்க்கவோ உடைக்கவோ கொடுத்துவிடாதீர்கள்.