கொக்குவில் மொட்டை மாடியிலிருந்து அண்ட்ரோமெடா

யாழ்ப்பாண நகரத்து வெளிச்சம் எங்கட வீட்டுக்குத் தெற்கே. கோடானுகோடி நட்சத்திரங்களின் கூட்டமான அண்ட்ரோமெடா பேரடையோ வடக்கில், ஏறக்குறைய 58 பாகை உயரத்தில் உச்சிக்கு வரும். அதுதான் கொக்குவில்காரருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. செப்டெம்பர் நடுப்பகுதியில் இரவு ஒரு மணிக்குத் தொலைநோக்கியில் பூட்டிய கமராவை அதன் பக்கம் திருப்புங்கோ. ஐப்பசி பிறந்தால் மழைமுகில்தான்.

துருவ நட்சத்திரம் இங்கே 10 பாகை அளவில்தான் நிற்கும். எனக்கு அது பக்கத்து வளவுப் பனைக்குப் பின்னால். எடுத்த படத்தை நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிடும் மென்பொருளை வைத்துத்தான், நட்சத்திரங்களின் ஓட்டத்தோடு தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியைத் துருவத்துக்கு நேராக்குகிறேன்.

நகரத்து வெளிச்சத்தைத் தடுக்கும் ஒளி வடிகட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒளிரும் வாயு நெபுலாக்களுக்கு அது நல்லது. பேரடையின் ஒளியோ நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறமும் கலந்தது. தெருவிலுள்ள எல்ஈடி விளக்கும் அப்படித்தான். ஒன்றைத் தடுத்தால் மற்றதும் போகும்.

நேரம்தான் மருந்து. ஒரே படத்தை நிமிடக்கணக்கில் திறந்து வைத்தால் வானம் வெளுத்துவிடும். 30 செக்கன் படங்களாக 400 எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கோ. படங்களை நாலு மடங்காக்கினால்தான் தெளிவு இரண்டு மடங்காகும். அதனால் ஒரு பேரடைக்கு மூன்று இரவு ஒதுக்குவேன்.

விடியும்போது குவியத்தை அசைக்காமல், தொலைநோக்கி வாயில் வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டி, வெளுத்த வானத்தை நோக்கி 30 படம் எடுங்கோ. பேரடைப் படத்தின் மூலை இருட்டை நீக்க இவை உதவும். முதல் வருஷம் நித்திரை தாங்காமல் இதை விட்டுவிட்டேன். மூலை இருட்டும் நகரத்து மஞ்சளும் கலந்துபோய், பேரடையின் வெளிக்கைகளைப் பிரித்தெடுக்கவே முடியவில்லை. அடுத்த வருஷம் இதே மாடியில், அதே கமராவில், தூசிப் பட்டைகள் இரண்டும் தெரிந்தன.