மூளைக்கட்டிக்கு பெட் ஸ்கேன்: முதலில் கேள்வி, அப்புறம்தான் ட்ரேசர்

மூளைக்கட்டி என்று சந்தேகம் வந்தால் முதல் படம் எம்.ஆர்.ஐ.தான், அதில் மாற்றமில்லை. எம்.ஆர்.ஐ. தீர்க்காமல் விட்ட சந்தேகத்துக்குத்தான் பெட், அதாவது ட்ரேசர் என்னும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது எங்கே சேர்ந்து படத்தில் எரிகிறது என்று பார்க்கும் ஸ்கேன். அது என்ன சந்தேகம் என்று ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: பயாப்ஸி எந்த இடத்தில் எடுப்பது, கட்டி எதுவரை பரவியிருக்கிறது, ரேடியேஷனுக்குப் பிறகு தெரிவது மறுபடி வளரும் கட்டியா, சிகிச்சையில் செத்த திசுவா. வெறுமனே "கட்டி உள்ளதா பார்க்கவும்" என்று எழுதினால் எந்த ட்ரேசர் போடுவது என்றே முடிவு செய்ய முடியாது.

எஃப்.டி.ஜி. என்ற ட்ரேசர் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதையே போட்டுவிடாதீர்கள். அது குளுக்கோஸ் மாதிரியான பொருள், மூளையோ குளுக்கோஸிலேயே ஓடுகிற உறுப்பு, அதனால் நல்ல மூளையே படம் முழுக்கப் பளிச்சென்று எரியும், வீரியம் குறைந்த க்ளையோமா (மூளையின் துணை செல்களில் வரும் கட்டி) அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். மூளையில் வரும் லிம்போமாவுக்கு (நிணநீர் செல் புற்றுநோய்) மட்டும் எஃப்.டி.ஜி. நன்றாக உதவும், அது சுற்றியுள்ள மூளையையும் மிஞ்சி எரியும். ஆனால் ஸ்டீராய்டு ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அந்த வெளிச்சம் மங்கிவிடலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

க்ளையோமாவுக்கு அமினோ அமில ட்ரேசர்கள்தான் சரி. நல்ல மூளை இவற்றைக் கொஞ்சமாகத்தான் எடுக்கும், கட்டி செல்கள் அள்ளி எடுக்கும். ரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு உடையாமல் இருந்தாலும் இவை உள்ளே போகும் என்பதால், எம்.ஆர்.ஐ.யில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறாத கட்டிகூட இதில் தெரியலாம். கார்பன்-11 மெத்தியோனின் பழைய நம்பகமான ஆள், ஆனால் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும், பக்கத்திலேயே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் வேண்டும். ஃபுளோரின்-18 சேர்ந்த எஃப்.இ.டி.க்கு அரை ஆயுள் (பாதியாகும் நேரம்) 110 நிமிடம், வெளியூரிலிருந்தும் வரவழைக்கலாம். எஃப்-டோபாவும் நல்லதுதான், ஆனால் மூளையின் நடுவிலுள்ள ஸ்ட்ரையேட்டம் அதை இயல்பாகவே எடுக்கும், கட்டி அதன் அருகில் இருந்தால் எல்லை குழம்பும். மெனிஞ்சியோமா (மூளை உறையில் வரும் கட்டி) என்றால் கேலியம்-68 டோட்டாடேட் என்ற வேறு ட்ரேசர். பிட்யூட்டரி சுரப்பியும் அதில் எரியும், அதைக் கட்டி என்று எழுதிவிடாதீர்கள்.

எஃப்.இ.டி. ஸ்கேனுக்கு 4 மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லுங்கள். சமீபத்தில் வலிப்பு வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள், வலிப்பு வந்த இடமும் ட்ரேசரை எடுத்து ஏமாற்றும். ஊசி போட்ட பின் 20 முதல் 40 நிமிடம் வரையான படம் அடிப்படை. முடிந்தால் ஊசி போட்ட நொடியிலிருந்தே பதிவு செய்யுங்கள்: ட்ரேசர் சேர்வதை நேரத்தோடு வரைந்தால், சீக்கிரமே உச்சம் தொட்டு இறங்கும் கோடு பெரும்பாலும் வீரியமான கட்டியைக் காட்டும், மெதுவாக ஏறிக்கொண்டே போகும் கோடு வீரியம் குறைந்ததை.

இப்போது அளவெடுப்பது. கட்டிக்கு எதிர்ப்பக்க மூளையில், வெள்ளைத் திசுவும் சாம்பல் திசுவும் சேர்ந்து வரும்படி பிறை வடிவத்தில் பெரிய பகுதியாக வரைந்து ட்ரேசர் அளவின் சராசரி எடுங்கள், சின்ன வட்டமாகப் போட்டால் எண் ஆடும். அந்தச் சராசரியைப்போல் 1.6 மடங்கும் அதற்கு மேலும் எரிகிற இடத்தை எஃப்.இ.டி.யில் கட்டியின் பரப்பாகக் குறிப்பது வழக்கம். பயாப்ஸிக்கு அதில் மிகவும் எரியும் புள்ளியை எம்.ஆர்.ஐ.யோடு பொருத்திக் காட்டுங்கள்.

படம் எரியவில்லை என்பதால் கட்டி இல்லை என்று எழுதாதீர்கள், சில க்ளையோமாக்கள் எரியவே எரியாது. அதேபோல ஒலிகோடென்ட்ரோக்ளையோமா என்ற க்ளையோமா வகை வீரியம் குறைவாக இருந்தும் நன்றாக எரியலாம், ஆகவே வெளிச்சத்தை வைத்து மட்டும் கிரேடு (வீரிய நிலை) சொல்லக்கூடாது, திசு ஆய்வுதான் அதைச் சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் அதே ட்ரேசர், ஊசிக்குப் பின் அதே நேரம், அதே அளவு முறை. கீமோவும் ரேடியேஷனும் முடிந்த முதல் 12 வாரங்களில் எம்.ஆர்.ஐ. பார்த்துக் கட்டி வளர்ந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் அதிகம், அது சிகிச்சையின் விளைவாகவும் இருக்கலாம். மருந்தை மாற்றும் முன் அங்கே ஒரு அமினோ அமில பெட் கேளுங்கள், பழைய படத்தையும் கையோடு அனுப்புங்கள்.