திருவட்டாறு முதல் பேச்சிப்பாறை வரை: ஆற்றோரமாக ஒரு நாள் சுற்றுவது எப்படி?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சூரிய உதயம் பார்த்து, விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய், பாசிமாலை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். மாவட்டத்தின் மேற்குப் பக்கம், அதாவது பழைய கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள், முழுக்க ஆறும் வாய்க்காலும் ரப்பர் தோட்டமும்தான். கோதையாறும் பறளியாறும் மலையிலிருந்து இறங்கி, திருவட்டாறு பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகப் போய்த் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகின்றன. அந்தத் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறுவதுதான் இந்தச் சுற்று.

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் எங்கள் வீட்டில் வழிகாட்டி வேலை என் தலையில்தான் விழும். அதனால் எதை எப்போது பார்ப்பது என்று ஒரு வரிசை பிடிபட்டுவிட்டது. இந்தப் பக்கத்தின் பெரிய ஊரான மார்த்தாண்டத்தில் தங்குவது, வண்டி பேசுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்குப் போகலாம்.

முதல் படி: முந்தின நாளே அணையைப் பாருங்கள்

வானிலை பார்ப்பார்கள், அணையை யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் இடறுகிற இடம் இதுதான். திற்பரப்பு அருவியில் விழுவது கோதையாற்றுத் தண்ணீர். அந்த ஆற்றின் மேலே பேச்சிப்பாறை அணை இருக்கிறது. அணை நிரம்பி உபரிநீரைத் திறந்துவிட்டால், திற்பரப்பில் நல்ல வெயில் அடித்தாலும் அருவியில் காட்டு வெள்ளம் வரும். குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். மதுரையிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் எண்ணெய் தேய்த்துக் கிளம்பி வந்து, கம்பிக்கு வெளியே நின்று அருவியைப் பார்த்துவிட்டுப் போனதும் உண்டு. அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

மழைக்காலத்தில் உள்ளூர்ப் பதிப்பு நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டம் வரும். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி. பேச்சிப்பாறை எண் நாற்பதைத் தாண்டி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது என்றால், குளியலை நம்பித் திட்டம் போடாதீர்கள். எண் நாற்பதுக்கும் கீழே இருந்து, இறங்கிக்கொண்டும் இருந்தால் அவ்வளவு பயமில்லை. எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. ஆகவே ஜூனிலும் இந்தச் சோதனை வேண்டும், நவம்பரிலும் வேண்டும். கோடையில் கவலை தலைகீழ்: தண்ணீர் மெலிந்துபோய்க் கிடக்கும்.

இரண்டாம் படி: காலைச் சாப்பாடு

புட்டு, பயறு, பப்படம், கூடவே மட்டிப்பழம். நான்கையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட வேண்டும். தனித்தனியாகச் சாப்பிட்டால் 'இதில் என்ன இருக்கிறது' என்றுதான் தோன்றும். மட்டி எங்கள் மாவட்டத்துக்கே உரிய சின்ன வாழைப்பழம், நல்ல மணம். கைக்குழந்தைகளுக்கு முதலில் ஊட்டுவது இதைத்தான். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடையில் தொங்கும் குலையில் தோல் லேசாகப் புள்ளி விழுந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பளபளப்பாக இருப்பது இன்னும் பழுக்கவில்லை.

காலையில் மீனும் முட்டையும் வேண்டாம். அடுத்துக் கோயில்.

மூன்றாம் படி: திருவட்டாறு

பலர் அருவியில் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அப்புறம் கோயில் என்று வருகிறார்கள். வந்து பார்த்தால் நடை சாத்தியிருக்கும். உச்சிப்பொழுதுக்கு மூடினால் மாலையில்தான் திறப்பார்கள். ஆகவே எட்டு மணிக்கெல்லாம் ஆதிகேசவப் பெருமாள் முன்னால் நின்றுவிடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டியே கட்டிக்கொண்டு போனால் நிம்மதி.

108 திவ்யதேசங்களில் இது ஒன்று, நம்மாழ்வார் பாடிய தலம். பெருமாள் 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருப்பார். ஒரே பார்வையில் முழுதாகப் பார்க்க முடியாது. மூன்று வாசல்கள், ஒன்றில் முகம், ஒன்றில் உடல், ஒன்றில் திருவடி. மேனி கல்லில் செதுக்கியதல்ல, மண், மூலிகை, பிசின் எல்லாம் கலந்து செய்த கடுசர்க்கரைப் படிமம் என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. நாலு நூற்றாண்டுக்கு மேல் நடக்காமல் கிடந்த கும்பாபிஷேகம் 2022 ஜூலையில்தான் நடந்தது.

தரிசனம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். சுற்றுப் பிரகாரத்தில் தூணுக்குத் தூண் விளக்கேந்திய பெண் சிற்பங்கள் நிற்கின்றன. அவர்களுடைய கொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். மேலே தூக்கி முடிந்தது, பக்கவாட்டில் சரித்தது, பின்னால் உருட்டியது என்று எத்தனை விதம்! எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கையில் விளக்கு, அதற்குமேல் மணி மணியாக வளையல். படம் எடுக்கும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மாத்தூர் தொட்டிப்பாலம்

திருவட்டாற்றிலிருந்து வண்டியில் கொஞ்ச நேரம்தான். பறளியாற்றின் குறுக்கே, ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கடத்துவதற்காக 1960-களில் கட்டியது. 28 தூண்கள், உயரம் 115 அடி. வயலுக்குத் தண்ணீர் போகவேண்டும் என்று கட்டிய ஒன்று இப்போது சுற்றுலாத் தலமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பத்து மணிவாக்கில் போனால் வெயில் தாங்கும். மேலே தொட்டியின் ஓரமாகவே நடைபாதை. பாசனத்துக்கு நீர் விட்டிருக்கும் மாதங்களில் பக்கத்திலேயே தண்ணீர் சத்தமில்லாமல் ஓடும். எட்டிப் பார்த்தால் கீழே ஆறும் தென்னந்தலைகளும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடுவில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தால் தலை சுற்றாது.

ஆற்றுக்கு இறங்கப் படிக்கட்டு உண்டு. இறங்குவது சுகம், ஏறும்போது முழங்கால் பேசும். வயதானவர்களை மேலேயே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கிப் பாருங்கள். தூண்களை அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்த உயரம் உறைக்கும்.

ஐந்தாம் படி: திற்பரப்பு, அதற்கப்புறம் சோறு

வயிறு நிறைந்தபின் குளிக்கக் கூடாது. எனவே குளியல் முதலில். துவர்த்து, அதாவது மெல்லிய துண்டு, ஒன்று போதும். பெரிய டவல் கொண்டுவந்து, நனைந்ததைப் பிழியமுடியாமல் திண்டாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். குளிக்கப் பிடிக்காதவர்கள் அருவிக்கு மேலே தடுப்பணையில் படகு விடும் இடத்துக்குப் போகலாம். பக்கத்து மகாதேவர் கோயில், மகாசிவராத்திரிக்குப் 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்தில் மூன்றாவது. அந்த நாளில் மட்டும் இந்தச் சுற்றைத் தவிர்த்துவிடுங்கள், சாலையெல்லாம் ஓட்டக்காரர்கள்தான்.

சோற்றுக்கு அருவி வாசலில் நிற்காதீர்கள். குலசேகரம் வந்துவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற, வாழை இலை போடுகிற ஏதாவதொரு சின்னக் கடை போதும். சம்பா அரிசிச் சோறு வரும், பருக்கை தடிமனாக இருக்கும். முதலில் பருப்பு, அதில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பிசையுங்கள். அப்புறம் சாம்பார், புளிசேரி, ரசம், மோர். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு என் சிபாரிசு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் (மத்தி மீன்) குழம்பும். அவித்து மசித்த கிழங்கில் தேங்காய் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். தேங்காய் அரைத்த மீன்குழம்பை அதன்மேல் ஊற்றினால் சோறே வேண்டாம். உட்காரும் முன்பே கிழங்கு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பிந்தினால் தீர்ந்துபோகும்.

மாலை: பேச்சிப்பாறை

1906-இல் கட்டி முடித்த அணை, திருவிதாங்கூர் காலத்துப் பணி. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. நீர்ப்பரப்பையும் சுற்றிலும் மலையையும் பார்த்துக்கொண்டு ஒரு சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் சாப்பிட்டால் நாள் முடிந்தது.

திரும்பும் வழியில் தேன் வாங்குவதாக இருந்தால் மார்த்தாண்டம் தேன். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரப்பதைத்தான் தேனீக்கள் இங்கே பெரும்பாலும் எடுக்கின்றன. பூத்தேன் வாசனையை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

பிற்சேர்க்கை

இந்தச் சுற்றில் சிதறால் மலை ஏன் இல்லை என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ள இடம், பின்னால் பகவதி கோயிலானது. மொட்டைப் பாறை. இதே நாளில் திணித்தால் உச்சி வெயிலில்தான் ஏற வேண்டிவரும். மறுநாள் காலைக்கு ஒதுக்குங்கள்.

பேருந்தில் முடியுமா என்றும் கேள்வி. மார்த்தாண்டத்திலிருந்து திருவட்டாறு, குலசேகரம் போகும் பேருந்துகள் நிறைய. மாத்தூருக்கு மட்டும் திருவட்டாற்றில் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள், போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து வாடகையை முதலிலேயே பேசிவிட்டு ஏறுங்கள். பேருந்தில் வருகிறவர்கள் பேச்சிப்பாறையை விட்டுவிடுவது நல்லது. இருட்டியபின் திரும்ப வண்டி கிடைக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.